காஞ்சிட்டுப் போ தாயி

அந்தப் பொண்ணை நாங்க பிடிச்சு வச்சிருந்தோம்னு சுத்துப்பட்டுல பேசிக்கிறாங்களாம், பேசட்டும், வாயிருக்கிறவங்க என்ன வேணாலும் பேசுவாங்க, ஆனா அது சுனையில எறங்கினப்ப எங்காளு ஒருத்தர்கூட அந்த மலைமேல இல்ல, யாரும் அதைத் தள்ளிவிடலை, யாரும் மந்திரம் போடலை, தானாப் போச்சு, தானா நீந்துச்சு, தானா ஏறி வந்துச்சு, ஏறி வந்தப்ப ஒடம்புல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு, அம்புட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் அந்தத் தண்ணி நிக்கலை.

அது பேரு எஸ்தரு. கடக்கரைப் பக்கத்து ஊரு. நான் கூகைப்பாறை மலை அடிவாரத்துல, எங்க ஊரு முடியுற எடத்துல இட்லிக்கடை போட்டிருக்கேன், என் பேரு பொன்னழகி. அன்னைக்குக் காலையில நான் இட்லிக் கொப்பரையைத் தொறக்கிற நேரத்துல, கியர் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பை தொங்க, பின்னால சுருட்டுன கூடாரம், முதுகுல ஒரு மூட்டையோட வந்து எறங்குச்சு. பொம்பளப்புள்ள தனியா இப்படி ஊரு ஊராச் சுத்துறியே, வேலைவெட்டி இல்லையாம்மான்னு கேட்டேன். இருக்கு ஆன்ட்டி, லீவு போட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லுச்சு. என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்ட மொத ஆளு அதுதான், எனக்குச் சிரிப்பாவும் இருந்துச்சு, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு.

இட்லியைப் பிட்டு வாயில போட்டுக்கிட்டே வழியெல்லாம் பார்த்ததைச் சொல்லுச்சு. குகையும் குளிக்கிற எடமும்தான் அதுக்கு வேணுமாம், கோயிலு குளமெல்லாம் வேணாமாம். ஒரு மலையில சமணச் சாமியாருங்க படுத்த கல்லுப்படுக்கையில தானும் படுத்துப் பார்த்திருக்கு, இன்னொரு மலையில வவ்வாப் புழுக்கை நாத்தத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுக் குகைக்குள்ள தவழ்ந்து போயிருக்கு, மூடிக் கெடக்குற கல்குவாரிப் பள்ளத்துல பச்சைத் தண்ணியில மல்லாக்க மிதந்திருக்கு, பம்புசெட்டுத் தொட்டி, மடைவாய், ஆத்துல ஆழமாத் தேங்குற கசம்னு ஒண்ணு விடாம முங்கி எந்திரிச்சு, ஈரத்துணியைச் சைக்கிள்லயே தொங்கவிட்டுக் காத்துல காயப்போட்டுக்கிட்டே அடுத்த எடத்துக்கு மிதிச்சிருக்கு. இதெல்லாம் ஒரு பொழப்பான்னு எனக்குத் தோணுச்சு, ஆனா அது சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கே கால் ரெண்டும் தண்ணிக்கு ஏங்குச்சு.

"மேல குகைக்குள்ள ஒரு சுனை இருக்காமே ஆன்ட்டி, அதுல நீந்தலாமா?"

"எங்காளுக யாரும் நீந்துனதில்ல."

"ஏன், எதாவது தோசமா?"

"தோசமெல்லாம் இல்ல தாயி. எங்க ஊர்ல யாருக்கு நீச்சல் தெரியும்? நீச்சல் பழகுற அளவுக்குத் தண்ணியை நாங்க எங்க பார்த்தோம்?"

உண்மையைத்தான் சொன்னேன். கம்மாய் வறண்டு வேலிக்கருவை மண்டிக் கெடந்துச்சு, குடிதண்ணிக்குன்னு இருந்த ஊரணியில பயலுக பந்து வெளையாடுனானுக, குகைச்சுனைக்கு ஆளு படுத்து ஊர்ந்துதான் போகணும், குடம் நுழையாது, வருசத்துக்கு ஒருதரம் சாமிக்கு ஒரு சொம்பு எடுத்துட்டு வர்றதோட சரி. என் மகன் சேவுகன் குட்டியானை வண்டியில தூரத்து ஊர்ல இருந்து டிரம்மு டிரம்மாத் தண்ணி ஏத்திட்டு வந்துதான் ஊரு நாக்கை நனைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவனுக்கு முன்நெத்தி ஏறிப்போச்சு, இன்னும் கல்யாணம் ஆகலை. தண்ணியில்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வந்து பார்க்கிறவங்க எல்லாம் காப்பியைக் குடிச்சுட்டு, கை கழுவத் தண்ணி கேட்டுட்டு, நான் மொண்டு ஊத்துற அளவைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. பெத்தவ வயிறு எரியுற எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

பொழுது சாயுறதுக்கு முன்னாடி எஸ்தரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மலையில இருந்து எறங்கி வந்துச்சு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். உள்ள எவ்வளவு பெருசா இருக்கு தெரியுமா ஆன்ட்டி, காலே எட்டலை, நீந்த நீந்த செவுரே வரலைன்னு சொல்லிச் சிரிச்சுச்சு, சிரிக்கையில முடியில இருந்தும் முழங்கையில இருந்தும் காதுமடல்ல இருந்தும் தண்ணி சொட்டுச்சு. இம்புட்டு நேரம் பாறையில வெயில்ல உக்காந்திருந்தேன், காயவே மாட்டேங்குதுன்னு சொல்லிட்டுச் சைக்கிள்ல ஏறப் பார்த்துச்சு.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. நனைஞ்ச ஆளு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. மழையில நனைஞ்ச விருந்தாளியா இருந்தாலும் சரி, குளிச்சுட்டுத் தலை துவட்டாத சம்பந்தியா இருந்தாலும் சரி, கடைசிச் சொட்டு ஈரமும் எங்க மண்ணுலயே காஞ்சதுக்கப்புறம்தான் அந்தக் கல்லைத் தாண்டணும், இல்லேன்னா ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊரோட மழையும் பின்னாலயே போயிரும். நனையுறதுக்கே வழியில்லாம வருசக்கணக்காக் கெடந்ததுல அந்த வழக்கத்துக்கும் வேலையில்லாமப் போயிருந்துச்சு. என் கடை பெஞ்சுல உக்காந்திருந்த வெள்ளைக்கண்ணு அண்ணன்தான் எந்திரிச்சாரு. அவரு ஊரு நீர்கட்டி, கம்மாய்த் தண்ணியை யார் வயலுக்கு எப்பத் திருப்புறதுன்னு முறை வைக்கிறவரு, கம்மாய் செத்ததுல இருந்து முறை வைக்க ஒண்ணுமில்லாம என் இட்லிச்சட்டியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவரு கல்லுக்கு முன்னால போயி நின்னு, தன்மையாத்தான் சொன்னாரு.

"காஞ்சிட்டுப் போ தாயி."

எஸ்தருக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எவ்வளவு அழகா இருக்குன்னு சொல்லுச்சு. சைக்கிளை என் வீட்டுச் செவுத்துல சாத்திட்டு வந்து தாவாரத்துல உக்காந்துச்சு.

நான் துண்டு குடுத்தேன், துண்டு நனைஞ்சுச்சு. என் சேலையைக் குடுத்தேன், சேலை நனைஞ்சுச்சு. விரிச்ச பாய் ஊறிப்போச்சு, தரை சகதியாப் போச்சு, வீடு நாறிருமேன்னு ஒரு வாளியை எடுத்து அது காலுக்குக் கீழ வச்சேன், வேற ஒரு நெனப்பும் எனக்கு அப்ப இல்ல. விடிஞ்சு பார்த்தா வாளி நெறஞ்சு வழியுது. ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பார்த்தேன். அப்படி ஒரு தண்ணியை நான் குடிச்சதில்ல, அன்னைக்கு வார்த்த இட்லியைச் சாப்பிட்ட ஒருத்தரும் சட்னி கேட்கலை.

ஊரு அதிசயப்படலை. அதிசயப்படுறதுக்குத் தொண்டை ஈரமா இருக்கணும்ல. வெள்ளைக்கண்ணு அண்ணன் வந்தாரு, குடிச்சாரு, வாளியைப் பார்த்தாரு, அந்தப் புள்ளையைப் பார்த்தாரு, பெறகு வீட்டுக்குப் போயி பெட்டியில மடிச்சு வச்சிருந்த நீர்கட்டித் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தாரு. அன்னைல இருந்து முறை வந்துச்சு. கெழக்குத் தெரு காலையில, மேலத்தெரு மத்தியானம், மிச்சம் ஊரணிக்கு. அந்தப் புள்ளையை ஊரணிப் படிக்கட்டுல கயித்துக் கட்டில் போட்டு, மேல கீத்துப் பந்தல் போட்டு, மகாராணி மாதிரிதான் உக்காரவச்சோம். கட்டில்ல இருந்து சொட்டி, படியில எறங்கி, வெடிச்சுக் கெடந்த களிமண்ணை நனைச்சு, மொதல்ல ஒரு தட்டு அளவு, பெறகு ஒரு களம் அளவு, பெறகு பயலுக பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுற அளவுக்குத் தண்ணி ஏறுச்சு. தவளை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியலை, வந்துருச்சு.

பாசத்துக்கு ஒரு கொறையும் வைக்கலை. குடத்தோட வர்ற ஒவ்வொரு பொம்பளையும் அது கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் போவா. கருவாட்டுக்கொழம்பு வந்துச்சு, கம்பங்கூழு வந்துச்சு, தலைக்குத் தடவ நல்லெண்ணெய் வந்துச்சு. காயவைக்கவும் பார்த்தோம், பார்க்காம இல்ல. செங்கச் சூளைக்குப் பக்கத்துல நிப்பாட்டுனோம், சூளை அணைஞ்சுபோச்சு. வைக்கப்போருக்குள்ள படுக்கவச்சோம், வைக்கல் மொளைவிட்டுருச்சு. சாம்பலைப் பூசுனோம், சாம்பல் கரைஞ்சு ஓடுச்சு. தெனமும் ஆளாளுக்குத் துண்டு கொண்டாந்தோம். அப்புறம் துண்டு கொண்டு வர்றது கொறஞ்சுச்சு, அப்புறம் குடம் மட்டும்தான் வந்துச்சு, அது எந்த நாள்ல மாறுச்சுன்னு கேட்டா ஊர்ல யாருக்கும் சொல்லத் தெரியாது.

அது குளிருது ஆன்ட்டின்னு சொல்லும். நல்ல வெயில்ல உக்காந்துக்கிட்டுப் பல்லு கிட்டிக்கும். துணி தொவச்ச கை மாதிரி ஒடம்பு பூரா வெளுத்து, சுருங்கிப் போச்சு.

ஒரு நாள் கட்டில்ல இருந்து எந்திரிச்சுப் போயி சைக்கிளை எடுத்துச்சு. நாங்க யாரும் தடுக்கலை. ஒரு கதவைக்கூட நாங்க சாத்துனதில்ல, சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டதில்ல, காத்து எறங்கியிருந்த டயருக்கு என் மகன்தான் காத்து அடிச்சு வச்சிருந்தான். அது தெருவையெல்லாம் தாண்டி எல்லைக்கல்லுக்கு மிதிச்சுப் போச்சு. அங்க நாங்க நின்னோம். கெழக்குத் தெருவும் மேலத்தெருவும், புள்ளையை இடுப்புல வச்சவளும், வயல்ல இருந்து வந்தவனும், சும்மாத்தான் நின்னோம். ஒரு வெரலு அது மேல படலை. "காஞ்சிட்டுப் போ தாயி"ன்னு வெள்ளைக்கண்ணு அண்ணன் சொன்னாரு, அவருக்குப் பின்னால நின்னவங்க சொன்னாங்க, அவங்களுக்குப் பின்னால நின்னவங்க சொன்னாங்க, நானும் சொன்னேன். அது எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துச்சு. பெறகு சைக்கிளைத் திருப்பிக்கிட்டு ஊரணிக்குப் போயிருச்சு.

அதோட போனு மொத நாளே தண்ணி எறங்கிச் செத்துப் போச்சு. என் போன்ல நம்பரைப் போட்டு, ஈரம் படாம நான்தான் அது காதுக்கிட்ட தூக்கிப் பிடிப்பேன். அங்கிட்டு அவங்கம்மா பேசுறது எனக்கும் கேட்கும். ஒத்தப்புள்ள. அப்பா இல்ல. எப்ப வர்ற எஸ்தருன்னு ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்.

"காஞ்சதும் வந்துர்றேன்மா."

"அங்க அம்புட்டு மழையா?"

"ஆமாம்மா."

"நான் வேணா வரட்டுமா?"

"வேணாம்மா. நான் வீட்டுக்கு வரணும். வந்து உன் கட்டில்ல உன் பக்கத்துல படுத்துக்கணும்மா, அது போதும்."

வேற எதையும் அது கேட்கலை. சைக்கிளும் வேணாம், குகையும் வேணாம், இனிமே சென்மத்துக்கும் தண்ணிப் பக்கமே போக மாட்டேன், எங்கம்மா கட்டில்ல ஒரு ராத்திரி காஞ்ச ஒடம்போட படுத்தாப் போதும் ஆன்ட்டின்னு என்கிட்டச் சொல்லி அழுவும். அழுகுறது எது, ஒழுகுறது எதுன்னு பிரிக்க முடியாது. போனைத் தொடைச்சு மடியில வச்சுக்கிட்டு, குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவேன்.

அந்த மாசம் சேவுகனுக்குப் பொண்ணு அமைஞ்சுச்சு. பொண்ணோட அப்பாரு ஊரணியில எறங்கி, கணுக்கால் நனைய நின்னு, மூஞ்சி கழுவி, வாய் கொப்புளிச்சுத் துப்பிட்டு, தண்ணியிருக்கிற ஊருதான், சம்பந்தம் தெகைஞ்சிருச்சுன்னு சொன்னாரு. பந்தல்ல உக்காந்திருந்த எஸ்தரைப் பார்த்து யாருன்னு கேட்டாரு. எங்க வீட்டுப் புள்ளைன்னு சொன்னேன். கல்யாணத்துக்கு ஊரே தலைமுழுகிப் புதுத்துணி உடுத்துச்சு, அண்டா அண்டாவாச் சோறு வெந்துச்சு, எஸ்தருக்கும் பட்டுச்சேலை எடுத்துக் கட்டிவிட்டோம். பட்டு ஊறி, சாயம் இறங்கி, ஊரணி ஒரு ஓரமாச் செவந்து கெடந்துச்சு.

மறுநாள்ல இருந்து அது சாப்பிடலை. இட்லியை வாயில வச்சா வாயைத் தொறக்காது. பேசாது. கண்ணை மட்டும் முழிச்சுக்கிட்டுக் கட்டில்ல கெடந்துச்சு. தண்ணி மட்டும் கொறையலை, ஒடம்புதான் கொறஞ்சுச்சு. அதைப் பார்த்துட்டு என் மகன், மாலை வாடாத மாப்பிள்ளை, ஊரணிப் படியில நின்னுக்கிட்டு எல்லாரும் கேட்கச் சொன்னான்.

"இந்தப் புள்ளையை அதோட வீட்ல கொண்டுபோய் விடணும். விடலைன்னா நான் இந்தத் தண்ணியில கை நனைக்க மாட்டேன். என் பொண்டாட்டியும் நனைக்க மாட்டா. வண்டியை எடுத்துக்கிட்டு நாங்க போயிருவோம்."

எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. எத்தனை வருசம் காத்துக் கெடந்து கட்டிவச்ச கல்யாணம். ஊரு கூடிப் பேசுச்சு. அனுப்பிரலாம்னு நெஞ்சுல ஈரம் உள்ளவங்க சொன்னாங்க. ஈரத்தோட அனுப்புனா மழை போயிரும், ஊரணியும் போயிரும்னு மத்தவங்க சொன்னாங்க. செத்துப்போனா அது யார் பாவம்னு ஒருத்தி கேட்டா. செத்தாத் தண்ணி நிக்குமா நிக்காதான்னு ஒருத்தன் கேட்டான், கேட்டவனை யாரும் திட்டலை. வெள்ளைக்கண்ணு அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டுத் தலைப்பாகையை அவுத்துத் திரும்பக் கட்டுனாரு.

"நனைஞ்ச ஆளு எல்லையைத் தாண்டக் கூடாதுன்னுதானே இருக்கு. எல்லை தள்ளிப் போகக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே?"

அப்படித்தான் கல்லைத் தோண்டுனோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துக் கல்லு, ஆளுயரம் மண்ணுக்குள்ள இருந்துச்சு. மஞ்சத்தண்ணி தெளிச்சு, வடம் கட்டி இழுத்து, சேவுகன் குட்டியானையில ஏத்துனோம். கல்லு முன்னால போச்சு. பின்னால எஸ்தரு சைக்கிள்ல போச்சு. எங்க இருந்து அதுக்குத் தெம்பு வந்துச்சுன்னு தெரியலை, அம்மாகிட்டப் போறேன்னதும் ரெண்டு இட்லி தின்னுட்டு எந்திரிச்சு, பழைய தொப்பியை மாட்டிக்கிட்டு மிதிச்சுச்சு. அதுக்குப் பின்னால ரெண்டு டிராக்டர்ல நாங்க, எங்க குடங்களோட.

நாங்க யாரோட எல்லையையும் மீறலை. கல்லு எங்க போகுதோ அதுவரைக்கும் எங்க ஊரு. பக்கத்து ஊரு எங்க ஊராச்சு, சந்தைப்பேட்டை எங்க ஊராச்சு, ரயில்வே கேட்டும் பெட்ரோல் பங்கும் காலேஜும் எங்க ஊராச்சு. அது மிதிச்ச வழியெல்லாம் ரோட்டுல ஈரம் ஒரு கோடாப் போச்சு, கோட்டோட ரெண்டு பக்கமும் வீட்டை விட்டு வெளிய வந்து பார்த்தவங்க, குனிஞ்சு தொட்டவங்க, தொட்டு நாக்குல வச்சவங்க, எதுவும் கேட்காம உள்ள போயி ஆளுக்கொரு பாத்திரத்தோட வந்து எங்களோட சேர்ந்துக்கிட்டாங்க. கூட்டம் பெருகப் பெருக நான் என் குடத்தை மடியோட அணைச்சுக்கிட்டேன். வழியில ஒரு பெரிய ஆறு வந்துச்சு, கசத்துல தண்ணி கருப்பாத் தேங்கிக் கெடந்துச்சு. குளிக்கிற எடம்னா உயிரை விடுற புள்ளை, பாலத்துல போகையில மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

கடக்கரை ஊருக்குப் போனப்ப வெயில் ஏறியிருந்துச்சு. அதோட தெரு ரொம்பச் சின்னத் தெரு, வாசலுக்கு வாசல் நீலக்கலர் டிரம்மு, தண்ணி லாரி வரலைன்னு பொம்பளைங்க டிரம்மு மேல உக்காந்திருந்தாங்க. அங்க எங்க போரு போட்டாலும் உப்பாம், பக்கத்து வாசல்காரி சொன்னா. சேவுகன் வண்டியைத் தெருவைத் தாண்டி ஓட்டிக்கிட்டுப் போயி மணல்ல கல்லை எறக்குனான். அதுக்கப்புறம் கடல்தான்.

எஸ்தரு சைக்கிளைக் கீழ போட்டுட்டு ஓடுச்சு. அவங்கம்மா கதவைத் தொறந்து ஐயோ என் தங்கமேன்னு கட்டிப் பிடிச்சாங்க, மூஞ்சியெல்லாம் முத்தம் குடுத்தாங்க, நெத்தியில குடுத்தாங்க, கண்ணுல குடுத்தாங்க, என்னடி இப்படி எளைச்சுப் போயிட்டன்னு அழுதாங்க, சேலை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, அதைப் பத்தி அவங்களுக்கு நெனப்பே இல்ல. எனக்கும் அழுகை வந்துருச்சு. சேர்த்துட்டோம்னு நெனச்சேன். எங்க ஊரு ஒரு நல்ல காரியம் பண்ணிருச்சுன்னு நெனச்சேன்.

"குளிருதும்மா, உள்ள போலாம்மா"ன்னு எஸ்தரு சொல்லுச்சு.

அவங்கம்மா தன் ஒதட்டை நாக்கால தொட்டாங்க. தொட்டுட்டு, மகளைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டிப் பார்த்தாங்க. இன்னொரு தடவை ஒதட்டைத் தொட்டாங்க.

"உப்பே இல்ல"ன்னாங்க.

மகளை வாசல்லயே விட்டுட்டு உள்ள போனாங்க. பாத்திரம் உருளுற சத்தம் கேட்டுச்சு. குடத்துல இருந்த தண்ணியை அவசரமா முற்றத்துல கொட்டுற சத்தம் கேட்டுச்சு. தெருவுல டிரம்மு மேல உக்காந்திருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. அவங்கம்மா காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. கண்ணுல அழுகை இன்னும் காயலை, மகளைப் பார்த்துச் சிரிச்சாங்க, என் கண்ணே, கீழ எம்புட்டு வீணாப் போகுது பாருன்னு சொன்னாங்க.

எஸ்தரு அந்தக் காலிக் குடத்தைப் பார்த்துச்சு. பெறகு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

"நான் எங்க உக்காரட்டும் ஆன்ட்டி?"

நான் என் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சு, அவங்கம்மாவுக்கு எடம் விட்டேன்.